பாட்டால் வகுத்த எல்லை

இங்கிலாந்தின் தோட்டங்களில், மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாய் நிற்கும் டிசம்பர் மாதக் குளிரிலும் பாடிக்கொண்டிருக்கும் ராபின் என்னும் செந்நெஞ்சுக் குருவியின் குரலைக் கேட்டு உருகாதவர் அரியர். எனினும் அந்த இன்னிசை, அண்டை அயலில் வாழும் தன் இனத்தாருக்கு அது ஓயாமல் விடுக்கும் எச்சரிக்கை என்பதை அறிந்தபின் கேட்டால், இனிமை சற்றும் குறையாமல் பொருளும் கூடி நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. குளிர்காலத்தில் பெண் ராபினும் பாடும். கோடையில் ஒரே கூட்டில் குஞ்சு வளர்த்த ஆணும் பெண்ணுங்கூட அப்போது தனித்தனியே நிலம் வகுத்துக்கொண்டு ஒன்றையொன்று அண்டவிடா. பூச்சியும் புழுவும் அருகிப்போகும் அப்பருவத்தில், இரை தேடும் நிலத்தை இழந்த பறவை உயிர் பிழைப்பதே துர்லபம்.

டெவன் பிரதேசத்தில் டார்ட்டிங்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்த டேவிட் லாக், ராபின்களின் கால்களில் வண்ண வளையங்கள் பூட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இனங்கண்டு, அவற்றின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் கவனித்து 1943-இல் நூலாக வெளியிட்டார். அந்நியன் ஒருவன் எல்லைக்குள் நுழைந்தால் உரியவன் முதலில் பாடும். அதற்கும் அஞ்சாவிட்டால், எதிரி மேற்கிளையில் இருக்கும்போது அண்ணாந்தும் கீழே இருக்கும்போது குனிந்தும் தன் செந்நெஞ்சு அதன் கண்ணில் படும்படி நின்று, உடலை இருபுறமும் அசைத்து மிரட்டும். கைகலப்பு கடைசி உபாயமே. செம்மை ஏறாத இளம்பறவையின் பாடம் செய்த உடலைப் பெரும்பாலும் பொருட்படுத்தாத ராபின்களுள் சில, வெறும் செவ்விறகுக் கற்றை ஒன்றைக் கண்டதும் சீறி எழுந்தன. பாடம் செய்த ராபினை ஆவேசத்துடன் கொத்திய பெண் பறவை ஒன்று, அந்த உருவத்தை லாக் அகற்றிய பின்னும் திரும்பி வந்து, அது இருந்த வெற்றிடத்தையே கொத்தியதாம்! பிராணியின் கோபம் எத்தகைய அடையாளங்களால் மூட்டப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியத்தை நான் படித்ததில்லை.

பாட்டு மட்டுமே எல்லையைக் காக்க வல்லதா என்பதை 1970களில் ஜான் கிரெப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தறிந்தார். ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள வைத்தம் காட்டில் பட்டாணிக்குருவிகளை அவற்றின் இடங்களிலிருந்து அகற்றிவிட்டு, சில இடங்களில் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து, சில இடங்களை நிசப்தமாக விட்டு, வேறு சிலவற்றில் தகரக் குழலின் ஓசையை மட்டும் எழுப்பினார். நிசப்தமான இடங்களும் குழலோசை கேட்ட இடங்களும் விரைவிலேயே புதிய பறவைகளின் வசமாயின. பாட்டு ஒலித்த இடங்களோ அவற்றினும் நெடுநேரம் காலியாகக் கிடந்தன.

பக்கத்து வயல்காரன் தன் வரப்பில் நிற்கும்வரை யாரும் அவனோடு சண்டைக்குப் போவதில்லை அல்லவா? பாடும் பறவைகள் பலவும் பழகிய அயலானின் குரல் வழக்கமான திசையிலிருந்து வந்தால் பொறுத்துக்கொள்கின்றன. புதியவனின் குரல் கேட்டால், அல்லது அயலானே வேறு திசையிலிருந்து பாடினால், கிளர்ந்தெழுகின்றன. இவ்வளவு நுட்பமான ஏற்பாடு, பாட்டு காதில் விழுவதையே பொறுத்திருக்கிறது. ஷெப்பீல்டு நகரில் பகலிரைச்சல் மிகுந்த இடங்களில் ராபின்கள் இரவிலும் பாடுகின்றன என்று 2007-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். உறங்க வேண்டிய பொழுதையும் அவை எல்லைக் காவலுக்கே செலவிடும்படி நம் வாகனங்கள் செய்துவிட்டது வருந்தத்தக்கது.