பழைய பிரெஞ்சு நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் பட்டியலிடுவது எப்படி?

வெளிநாட்டு நோட்டுகளைச் சேர்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? ஐம்பது நோட்டு வரை ஆல்பத்தைப் புரட்டியே எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடலாம். முந்நூறு, நானூறு என்று பெருகும்போது கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருந்தால்தான் சமாளிக்க முடியும். அதிலும் பிரெஞ்சு பேசும் நாடுகள், பிரான்சின் பழைய காலனி நாடுகள் ஆகியவற்றின் நோட்டுகளுக்குப் பட்டியல் தயாரிப்பதில் சில சிக்கல்கள் உள்ளன. என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெரியப்பா நாற்பது வருடமாக நோட்டு சேர்க்கிறார். "நீதான் சாப்ட்வேர் படித்தவனாயிற்றே, ஒரு லிஸ்ட் போட்டுக் கொடு" என்றார். வங்கி, மதிப்பு, ஆண்டு என்று மூன்றே நெட்டு வரிசைகள் வைத்து ஒரே நாளில் முடித்தேன். மூன்றும் ஒன்றாக இருந்த நோட்டுகளை "டூப்ளிகேட்" என்று குறித்தும் கொடுத்தேன். அதை நம்பி அவர் ஒரு 1000 பிராங்க் நோட்டை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அவர் வைத்துக்கொண்டது ஐவரி கோஸ்ட் நோட்டு. கொடுத்துவிட்டது செனகல் நோட்டு. கப்பலில் வேலை பார்த்த நண்பர் டக்கார் துறைமுகத்திலிருந்து அவருக்காகக் கொண்டு வந்தது அது. தவறு முழுக்க என்னுடையதுதான். அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

ஒரே வங்கி, பல நாடுகள்

பிரான்ஸ் 1945 டிசம்பரில் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக சிஎப்ஏ பிராங்க் என்ற நாணயத்தை உருவாக்கியது. இன்று மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகளுக்கு ஒரே மத்திய வங்கிதான் நோட்டு வெளியிடுகிறது. படம், நிறம், அளவு எல்லாம் ஒன்றே. எந்த நாட்டுக்கான நோட்டு என்பதை வரிசை எண்ணை ஒட்டி வரும் ஓர் எழுத்துதான் சொல்கிறது. ஏ என்றால் ஐவரி கோஸ்ட், பி என்றால் பெனின், சி என்றால் புர்கினா ஃபாசோ, ஹெச் என்றால் நைஜர், கே என்றால் செனகல். நான் பட்டியலில் விட்டது இந்த ஓர் எழுத்தைத்தான்.

எழுத்து மட்டும் இருந்தாலும் போதாது. மத்திய ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளுக்குத் தனியாக ஒரு வங்கி உண்டு. அதன் 2002ஆம் ஆண்டு வரிசையில் சி என்றால் சாட் நாடு. எனவே வங்கி, வரிசை, எழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நாடு எது என்று உறுதியாகும்.

பழைய நோட்டுகளிலும் இதே கதைதான். 1875ல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி, வியட்நாம் பகுதிக்குப் பியாஸ்டர் நோட்டு வெளியிட்டது; நியூ கலிடோனியாவுக்கு பிராங்க் நோட்டு வெளியிட்டது. நம் பக்கத்துப் புதுச்சேரிக்கு ரூபாய் நோட்டு வெளியிட்டதும் இதே வங்கிதான். முதலில் 10, 50 ரூபாய். முதல் உலகப் போருக்குப் பின் 1 ரூபாய். 1937ல் 5 ரூபாய். ஆகவே வங்கியின் பெயரை வைத்து நாட்டையோ நாணயத்தையோ முடிவு செய்யக் கூடாது.

தேவையான நெட்டு வரிசைகள்

வெளியிட்ட வங்கி, நாடு, நாட்டு எழுத்து, மதிப்பு, நாணயம், நோட்டில் அச்சான தேதி, வெளியான ஆண்டு, வரிசை எண், பிக் எண், நோட்டின் நிலை, எப்படிக் கிடைத்தது, படத்தின் பைல் பெயர் எனப் பன்னிரண்டு வரிசைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிக் எண் என்பது ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய எண் முறை. உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அச்சான தேதியையும் வெளியான ஆண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? கினி நாடு 1958 அக்டோபர் 2ல் விடுதலை பெற்றது. அதன் முதல் நோட்டுகளில் அந்தத் தேதியே அச்சாகியிருக்கும். ஆனால் அவை மக்கள் கைக்கு வந்தது 1960ல்தான்.

எக்ஸெல் செய்யும் "உதவி"

நாட்டு எழுத்தைத் தனி வரிசையில் பிரித்துவிட்டால் மீதி இருப்பது வெறும் எண். இங்கேதான் அடுத்த ஆபத்து. மேற்கு ஆப்பிரிக்க வங்கியின் 1990களுக்குப் பிந்தைய நோட்டுகளில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். 03 என்று தொடங்கினால் 2003. எக்ஸெல்லில் அப்படியே டைப் செய்தால் முன்னால் உள்ள பூஜ்யம் தேவையில்லாதது என்று நீக்கப்பட்டுவிடும். பூஜ்யத்தோடு ஆண்டும் போய்விடும்.

இதைத் தடுக்க, டைப் செய்வதற்கு முன்பே அந்த நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோல் + 1 அழுத்தவும். கிடைக்கும் விண்டோவில் நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கிளிக் செய்திடவும். பூஜ்யம் போன பிறகு டெக்ஸ்ட் என மாற்றினால் அது திரும்பி வராது.

தேதிக்கும் இதே வழிதான். எக்ஸெல்லின் காலண்டர் 1900 ஜனவரி 1ல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வரிசைப்படுத்தினால் குழப்பம்தான். தேதி வரிசையையும் டெக்ஸ்ட் ஆக்கி, ஆண்டு-மாதம்-நாள் என்ற முறையில் 1958-10-02 என்று எழுதுங்கள். 1880ஆக இருந்தாலும் 1980ஆக இருந்தாலும் சரியாக வரிசைப்படும்.

சேமிக்கும்போது எக்ஸெல் பைலாகவே சேமியுங்கள். சிஎஸ்வி பைலாக மாற்றிவிட்டுப் பின் டபுள் கிளிக் செய்து திறந்தால் பூஜ்யங்கள் மறுபடியும் காணாமல் போகும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் டெக்ஸ்ட் பார்மட் வசதி உண்டு.

ஸ்கேன் செய்யும்போது

தாளை உள்ளே இழுக்கும் வகை ஸ்கேனர் வேண்டவே வேண்டாம். பழைய தாள் கிழிந்துவிடும். கண்ணாடி மேல் வைக்கும் பிளாட்பெட் ஸ்கேனரே சரி. நோட்டின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் மறுபக்கத்து அச்சு ஊடுருவித் தெரியாது.

பட்டியலுக்கு 300 டிபிஐ போதும். நுணுக்கமான கோடுகளைப் பெரிதாக்கிப் பார்க்க 600 டிபிஐ தேவை. 15க்கு 8 செமீ உள்ள நோட்டு 600 டிபிஐயில், சுருக்காத பைலாகச் சேமித்தால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 எம்பி எடுக்கும். இரு பக்கமும் சேர்த்து 400 நோட்டுகளுக்கு 16 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துத் தொடங்குங்கள்.

புதிய நோட்டு சிலவற்றை ஸ்கேன் செய்யும்போது சாப்ட்வேர் மறுக்கலாம். கள்ள நோட்டைத் தடுக்க, நோட்டுகளில் சிறு வளையங்களை ஒரு குறிப்பிட்ட அமைப்பில் அச்சிடுகிறார்கள். 2002ல் மார்க்கஸ் கூன் என்ற கம்ப்யூட்டர் ஆய்வாளர் இதைக் கண்டறிந்து யூரியன் எனப் பெயரிட்டார். போட்டோஷாப் தொகுப்பும் நோட்டுப் படங்களை அடையாளம் கண்டு மறுக்கும். இது ஸ்கேனரில் கோளாறு அல்ல. பழங்கால நோட்டுகளில் பொதுவாக இந்தச் சிக்கல் வராது.

டூப்ளிகேட் என்று முடிவு செய்யும் முன்

வங்கி, எழுத்து, மதிப்பு, பிக் எண் ஆகிய நான்கு செல்களையும் & குறியால் இணைத்துக் கடைசியில் ஒரு நெட்டு வரிசை அமையுங்கள். அதில் ஒரே மாதிரி வருபவை மட்டுமே டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்புள்ளவை. அவற்றையும் ஆல்பத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்த பிறகே யாருக்கும் கொடுங்கள்.

"எப்படிக் கிடைத்தது" என்ற வரிசையை மட்டும் காலியாக விடாதீர்கள். மற்ற எல்லாத் தகவலையும் நோட்டைப் பார்த்தே எழுதிவிடலாம். இதைச் சொல்ல, சேர்த்தவர் ஒருவரால்தான் முடியும். இப்போது நான் டைப் செய்யும்போது பெரியப்பாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறேன். நாளுக்குப் பத்து நோட்டுகள்தான் முடிகின்றன. நீங்களும் பத்தில் தொடங்குங்கள். முடித்ததும் பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்துவிடுங்கள்.