பேட்டரி மீது பழி போடும் முன்

காலையில் சாவியைத் திருகினால் கார் செல்ஃப் எடுக்கவில்லை. வாட்ச்மேன் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்வது ஒன்றுதான்: "பேட்டரி போச்சு சார்." பல சமயம் அது சரிதான். ஆனால் டெர்மினலில் தளர்ந்துபோன ஒரு நட்டுக்காகப் புது பேட்டரி வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இரண்டு நிமிடம் செலவழித்தால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருகியதும் 'டக்டக்டக்' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்காமல் எரிந்தால் செல்ஃப் மோட்டார் மீது சந்தேகப்படலாம். சத்தமே இல்லை, லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறதென்றால், ஆட்டோமேட்டிக் காரில் கியர் பி அல்லது என்-இல் இருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் கார்கள் சிலவற்றில் கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியை விட்டுவிடுங்கள். கோளாறு பெட்ரோல் வரும் வழியிலோ, ஸ்பார்க்கிலோ, இம்மொபிலைசரிலோ இருக்கும்.

அடுத்து பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் அதுவே கரண்டைத் தடுக்கும். கிளாம்பைக் கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது. சுத்தம் செய்ய ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். அப்படியே மைனஸ் வயரைப் பிடித்துக்கொண்டு போய், அது பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். அந்த எர்த் போல்ட்டில் துரு ஏறினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோளாறுகளெல்லாம் வரும். இன்டிகேட்டர் போட்டால் வேறொரு லைட் லேசாக மினுக்கும்.

இதற்கும் மேல் தெரிந்துகொள்ள ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6-க்குக் கீழே விழுந்தால், ஏற்கெனவே சார்ஜ் முழுதாக இருந்த பேட்டரி என்றால், ஆயுள் முடிந்துவிட்டது. மீட்டரின் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் நடுவில் இருக்கும் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள். இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் வந்தால் நடுவில் அழுக்கு.

இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பல புதிய கார்களில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துவதால் சற்று ஏறி இறங்கலாம். ஆனால் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதே கதைதான். இன்ஜின் ஓடும்போது டெர்மினலைப் பிடுங்கி "டைனமோ வேலை செய்யுதா" என்று பார்க்கும் பழைய வித்தையை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் காரின் கம்ப்யூட்டரான ஈசியுவைக் காவு வாங்கிவிடலாம்.

பேட்டரியும் நல்லது, சார்ஜும் ஏறுகிறது, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் டவுன் ஆகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. கார் பூட்டி நிற்கும்போதும் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 400 மில்லி ஆம்பியர் இழுக்கும். 45 ஏஎச் பேட்டரியை இரண்டே நாளில் ஏறக்குறைய பாதி காலி செய்யும். பின்னாளில் மாட்டிய டேஷ்கேமும் ஸ்டீரியோவும்தான் என் சந்தேகப் பட்டியலில் முதலிடம். எந்த லைனில் கசிகிறது என்று மீட்டரை வைத்து ஒவ்வொரு ஃபியூஸாகச் சோதிப்பதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியர் இடத்தில் 20 ஆம்பியரைச் செருகாதீர்கள். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் முதல் எதிரி வெயில். சூடு உள்ளே இருக்கும் தகடுகளை வேகமாக அரிக்கும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் கோடையில் அடிக்கடி மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். நிற்கும் காரைத் தினமும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதில் பெரிய பலன் இல்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

ஜம்ப் கேபிள் போடும்போது, சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, கடைசி முனையைச் செத்த காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடியுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறியில் வெடிக்கக்கூடும் என்பதால்தான் இந்தத் தள்ளிப் பிடிப்பு. பேட்டரி உப்பியிருந்தாலோ ஒழுகினாலோ கேபிளையே எடுக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் காருக்கு மட்டும். எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது செத்தால் கார் ஆன் ஆகாது.

கேபிளை டிக்கியில் வைக்காதீர்கள். கரண்ட் இல்லாவிட்டால் பல கார்களில் டிக்கி வெளியிலிருந்து திறக்காது. சீட்டுக்கு அடியில் வையுங்கள். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை எடுத்து, அது கதவைத் திறக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.