கபாலத்தைத் திருடியது யார், தெரியுமா?

நீதிமன்றத்தின் நடுவே ஒரு பெண் விட்டத்தைப் பார்த்து அலறுகிறாள்: அங்கே மஞ்சள் பறவை உட்கார்ந்திருக்கிறதாம்! பறவையும் இல்லை, இறகும் இல்லை. ஆனால் சபையே நடுங்குகிறது. ஆர்தர் மில்லர் 1953இல் மேடையேற்றிய 'தி குரூசிபிள்' நாடகத்தின் அபிகெயில் அவள். கூட இருக்கும் பெண்களை மிரட்டிப் பொய் சொல்லவைத்து, தான் ஆசைப்பட்டவனின் மனைவிமீதே சூனியக்காரி என்று பழி போட்டு, கடைசியில் மாமாவின் பணத்தோடு கம்பி நீட்டுகிறவள்.

அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் நடந்த சூனிய விசாரணைகள்தான் நாடகத்தின் கரு. அங்கே வாழ்ந்த நிஜ அபிகெயிலுக்கு வயது என்ன, தெரியுமா? பதினொன்றோ பன்னிரண்டோதான்! 17 ஆக்கியதும் காதலைச் சேர்த்ததும் மில்லர். தூக்கிலேறிய 19 பேர் மட்டும் கற்பனை இல்லை. ஒரு முதியவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். இரண்டு நாய்கள்கூடச் சூனியப் பழியில் செத்தன!

அந்த விசாரணைகளுக்காகப் பரிந்து புத்தகம் எழுதிய பாதிரியார் காட்டன் மேதர், 1718இல் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கேட்டு யாருக்குக் கடிதம் எழுதினார், தெரியுமா? நம் சென்னைக் கோட்டையில் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலுக்கு! இன்றைய யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இதெல்லாம் பெரிதில்லை. சேலத்துக்கு ஆயிரம் ஆண்டு முன்பே, பொய்ப் பழியை வைத்து நம் பல்லவ மன்னன் ஒருவன் நாடகமே எழுதிவிட்டான், தெரியுமா? மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லனின் அப்பா, முதலாம் மகேந்திரவர்மன்! செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரையில் இன்றும் அவன் பட்டப்பெயர்களைப் படிக்கலாம். நாடகம், 'மத்தவிலாசப் பிரகசனம்'.

காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகன், மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி. நல்ல போதை. பிச்சையெடுக்கும் மண்டையோட்டைக் காணோம்! எதிரே வந்த பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். துறவி தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறார். நிறம் வேறு, வடிவம் வேறு. விடுவானா? நீதான் மாற்றிவிட்டாய் என்கிறான்! பொருந்தாத சாட்சியத்தையே குற்றத்துக்குச் சாட்சியாக்கும் இந்தத் தந்திரம்தான் அபிகெயிலின் கையிலும் இருந்தது. வழக்கு மன்றத்துக்குப் போகலாமே என்றால், விகாரைப் பணத்தால் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார்கள் என்று காபாலிகன் பக்கத்திலிருந்து பதில் வருகிறது. தன் தலைநகரின் நீதிமன்றத்தைப் பற்றி ஓர் அரசனே இப்படி எழுதியிருக்கிறான்! எனக்கு மலைப்பு தீரவே இல்லை.

மண்டையோட்டைத் திருடியது யார்? ஒரு நாய்! உள்ளே இருந்த வறுத்த கறிக்காகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. அதனிடமிருந்து ஓட்டைப் பறித்துக்கொண்டு வருபவன், யாரும் மதிக்காத ஒரு பித்தன். துறவி தப்பினார். சேலத்தில் அப்படி ஒரு பித்தன் வரவில்லை.

இந்தியாவில் இன்னும் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடிக்கிறார்கள். அதைத் தடுக்க 1999இல் பீகாரும் 2001இல் ஜார்க்கண்டும் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

மகேந்திரனின் பிரதி எங்கே அச்சேறியது, தெரியுமா? 1917இல், திருவனந்தபுரத்தில்! கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் அதை இன்றும் ஆடுகிறார்கள். மாமல்லபுரம் நாட்டிய விழா மேடையிலும் அந்தக் காபாலிகன் ஒருநாள் தள்ளாடி வர வேண்டும். ஆசையாக இருக்கிறது!