ஒரு பாலம், ஒரு வண்டி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ என்ற நகரம் இருக்கிறது. ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல். மறுபக்கம் வளைகுடா. நடுவில் பல குன்றுகள். அந்தக் குன்றுகளின் மேல்தான் தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன.

பல நாட்டு மக்கள் இந்த நகரைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் விரும்பிப் பார்க்கும் இரண்டைப் பற்றி இங்கே தெரிந்துகொள்வோம்.

கோல்டன் கேட் பாலம்

‘கோல்டன் கேட்’ என்றால் ‘பொன் வாசல்’ என்று பொருள். கடல் வளைகுடாவுக்குள் நுழையும் இடத்தின் பெயர் அது. அதன் மேல் கட்டிய பாலத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. ஆனால் பாலத்தின் நிறம் பொன் நிறம் அல்ல. செம்மஞ்சள் நிறம். மூடுபனியிலும் அது நன்றாகத் தெரியும்.

1933இல் பாலம் கட்டும் வேலை தொடங்கியது. கீழே நீர் வேகமாக ஓடும். மேலே காற்று பலமாக வீசும். பெரிய பாலம் கட்டினால் சிலர் சாகத்தான் செய்வார்கள் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்டிராஸ் அப்படி விட்டுவிடவில்லை. வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே பெரிய வலையைக் கட்டச் செய்தார். தொழிலாளர்கள் தலைக்கவசம் அணிந்து வேலை செய்தார்கள்.

வலையில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். அவர்களைக் கொண்ட சங்கத்துக்கு ‘நரகத்துக்குப் பாதி வழி போனவர்கள்’ என்று வேடிக்கையாகப் பெயர் வந்தது.

ஆனாலும் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் உடைந்து வலையின் மேல் விழுந்தது. வலை கிழிந்தது. 10 பேர் இறந்தார்கள். வேலை முடிவதற்குள் மொத்தம் 11 பேர் உயிர் இழந்தார்கள்.

1937 மே 27 அன்று பாலம் திறக்கப்பட்டது. முதல் நாள் மக்கள் நடந்து சென்று பார்த்தார்கள். மறுநாள் வாகனங்கள் ஓடின.

கேபிள் கார்

சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் வண்டி இழுக்கும் குதிரைகள் மிகவும் துன்பப்பட்டன. இதற்கு ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர் வழி கண்டார். 1873இல் கேபிள் காரை ஓட்டிக் காட்டினார்.

இந்த வண்டியில் எஞ்சின் இல்லை. பிறகு எப்படி மேடு ஏறுகிறது? தெருவுக்கு அடியில் ஒரு கம்பி வடம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். ஓட்டுநர் நெம்புகோலை இழுப்பார். உடனே வண்டியின் பிடி வடத்தைக் கவ்வும். வண்டி நகரும். பிடியை விட்டு பிரேக் போட்டால் நின்றுவிடும்.

1947இல் நகர மேயர் இந்த வண்டிகளை நிறுத்த நினைத்தார். செலவு அதிகம், பேருந்து போதும் என்றார். பிரீடல் கிளஸ்மன் என்ற பெண் இதை ஏற்கவில்லை. மற்ற பெண்களை ஒன்று சேர்த்தார். மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கையெழுத்துகளால் பிரச்சினை வாக்கெடுப்புக்கு வந்தது. வண்டி வேண்டும் என்றவர்களே வென்றார்கள்.

இன்றும் மூன்று வழிகளில் கேபிள் கார் ஓடுகிறது. ஒரு வலை 19 உயிர்களைக் காத்தது. மக்கள் போட்ட கையெழுத்து ஒரு வண்டியைக் காத்தது.

சிந்திப்போம்

1. உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும்?
2. பலர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் என்ன பயன்?