பஞ்சுத் தூசியும் ஒரு கேள்வியும்

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பெற்றது. மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு தொட்டே சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, வீடு தேடிச் சென்று நலம் கவனித்துவர வேண்டும் என்னும் ஏற்பாடு நாடெங்கும் வந்ததும் அவ்வாண்டிலேதான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் இல்லந்தோறும் இரத்த அழுத்தம் பார்க்கின்றனர்.

இவ்வட்டாரத்திற்கென்றே ஒரு பாடம் உண்டு, மாணவ நண்பர்களே. நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் நெஞ்சு இறுக்கம் என்று வருகிறார். இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம், எளிய வழிதான்! ஆனால், "எந்தக் கிழமையில் இறுக்கம் மிகுகிறது?" என்று கேட்டறிதல் வேண்டும். ஞாயிறு விடுமுறை கழிந்து, திங்களன்று ஆலைக்குள் சென்ற சில மணி நேரத்தில் மூச்சு முட்டி, வாரம் நகர நகரத் தணியுமாயின், அது பஞ்சுத் தூசியால் விளையும் 'பிஸினோசிஸ்' ஆகலாம். தொடக்கத்திலேயே தூசியினின்று விலகினால் பெரும்பாலும் குணமுண்டு. ஆண்டுக்கணக்கில் கவனியாது விட்டாலோ, வாரம் முழுதும் இறுக்கம் நீடிக்கும்; நுரையீரலின் ஆற்றல் மீளாவண்ணம் குன்றவும் கூடும். சட்டப்படி இஃது இழப்பீட்டுக்குரிய தொழில்நோய். நோயின் பெயர் சீட்டில் ஏறாவிடில் இழப்பீடு ஏது?

நோயாளியிடம் அவரது தொழிலையும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் எழுதினார். திருப்பூரில் அக்கேள்வி இன்னும் நுணுக்கமாதல் வேண்டும். பனியன் தைப்பவரும், பஞ்சாலையின் கார்டிங் பகுதியில் நிற்பவரும் ஒரே அளவு தூசியைச் சுவாசிப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோரிடம் அவர்தம் மொழியிலேயே வினவவேண்டும். வேலை போய்விடுமோ என்று அஞ்சி, மருத்துவமனையில் வாய் திறவாதவரும் வீட்டுத் திண்ணையில் மனந்திறந்து சொல்வதுண்டு.