உடல் பொய் சொல்வதில்லை

கண்ணாடி போன்ற ஒரு கருவியைத் தலையில் மாட்டியதும் நிற்கும் அறை மறைந்து, கணனி உருவாக்கிய வேறோர் இடம் எம்மைச் சூழ்ந்துகொள்கிறது. இதையே மெய்நிகர் உலகம் என்கிறார்கள். விளையாட்டுக்கு மட்டுமல்ல, மருத்துவத்துக்கும் இது பயன்படுகிறது. அதற்குள் சென்றவர் என்ன உணர்ந்தார் என்பதை எப்படி அறிவது? "பயந்தீர்களா?" என்று கேட்டால் சிலர் கூச்சத்தில் "இல்லை" என்பார்கள். சிலருக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே ஆய்வாளர்கள் உடலிடமே கேட்டார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மீஹன் குழுவினர் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. மெய்நிகர் அறையொன்றின் தரையில் 20 அடி ஆழமான பள்ளம். அதன் விளிம்பில் பங்குபற்றியவர்கள் நின்றார்கள். நெஞ்சில் ஒட்டிய உணரிகள் இருதயத் துடிப்பை அளந்தன. விரல்களில் பொருத்தியவை வியர்வையையும் வெப்பநிலையையும் அளந்தன. பயந்தால் கை வியர்ப்பதும் விரல் குளிர்வதும் நாம் அறிந்ததுதானே!

பள்ளம் வெறும் படம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் துடிப்பு கூடியது. காலடியில் ஒன்றரை அங்குல உயரமான மெய்யான பலகையை வைத்தபோது இன்னும் கூடியது. மீண்டும் மீண்டும் சென்றவர்களிடம் படபடப்பு குறைந்தது, முற்றாக மறையவில்லை.

மூளையையும் இவ்வாறு பார்த்திருக்கிறார்கள். சியாட்டில் நகரில் ஹன்டர் ஹொஃப்மன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், காலில் சூடு வைக்கப்பட்டவர்களின் மூளை ஸ்கான் செய்யப்பட்டது. அவர்கள் மெய்நிகர்ப் பனி உலகில் இருந்தபோது, வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயற்பாடு குறைந்தது. வலி குறைந்ததாக அவர்கள் சொன்னதும் அதனோடு ஒத்துப்போனது.

சகோதரிகளே, இதில் எமக்கும் ஒரு செய்தி உண்டு. யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. ஆனாலும் சீனவெடிச் சத்தத்துக்கு நெஞ்சு பதறுகிற பெண்களை நான் நாளாந்தம் சந்திக்கிறேன். "இன்னும் ஏன் நடிக்கிறாய்?" என்று வீட்டாரே கேட்கிறார்கள். அது நடிப்பல்ல, கோழைத்தனமும் அல்ல. படத்தில் உள்ள பள்ளத்துக்கே இருதயம் பதறுமென்றால், மெய்யான ஷெல் சத்தத்தைக் கேட்ட உடல் பதறாமல் இருக்குமா? ஆபத்து இல்லை என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள் உடல் தன்னைக் காக்க எழுந்துவிடுகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். துடிப்பு எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. பயத்திலும் இருதயம் துடிக்கும், மகிழ்ச்சியிலும் துடிக்கும், படியேறினாலும் துடிக்கும். மீஹன் குழுவினர் வினாக்கொத்தும் கொடுத்து, பங்குபற்றியவர்களின் சொந்த அனுபவத்தையும் கேட்டார்கள். கருவி இருந்தும் அவர்கள் கேட்டார்கள். கருவி இல்லாத எமது வீடுகளில் கேட்பது இன்னும் அவசியம்.

ஆகவே பக்கத்தில் ஒருத்தி பதறினால் சிரிக்காதீர்கள். "என்ன செய்கிறது?" என்று கேட்டு, அவள் சொல்வதை நம்புங்கள். பதகளிப்பு நித்திரையையும் அன்றாட வேலையையும் கெடுத்தால், உளவளத்துணையாளரிடமோ வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ அவளைக் கூட்டிச் செல்லுங்கள். படபடப்பு படிப்படியாகக் குறையக்கூடியது. துணையிருந்தால் அந்த வழி இலகுவாகும்.