கைகாட்டி இல்லாத இருப்புப்பாதை

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு புகைவண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காப்பது எப்படி? மலாயா இருப்புப்பாதையில் இதற்குக் கையாண்ட வழி எளியது. இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளிவரும். வளையத்தில் கோத்த அந்த டோக்கன் கைக்கு வந்தாலன்றி வண்டியோட்டி நகரலாகாது. சிங்கப்பூரில் புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை இம்முறை வழக்கிலிருந்தது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதற்பாதை திறந்த பேராக் மாநிலத்தில் இவை புதிய செய்திகள் அல்ல. தண்டவாள வேலையிலும் நிலைய அதிபர் பதவியிலும் இருந்த தமிழர் பலர்.

டோக்கனுக்குத் துணை கைகாட்டி மரம். கை நீட்டி வழி சொல்லும் மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறெந்த மொழியிலும் இருக்குமா என்பது ஐயமே! ஆனால் கைகாட்டி பயன்பட வேண்டுமானால் வண்டியோட்டியின் கண்ணுக்கு அது உரிய நேரத்தில் தெரிய வேண்டும். இன்று ஈப்போ வழியே மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. ஜப்பானியரோ 1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 210 கிலோமீட்டர் வேகத்தில் ரயிலை ஓட்டினர். அவ்வேகத்தில் வண்டி நொடிக்கு 58 மீட்டர் பாய்கிறது. நிற்பதற்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். சிவப்பு விளக்கைக் கண்ட பிறகு தடை பிடித்தால் காலம் கடந்துவிடும்.

கண்ணை மட்டும் நம்பியதன் விலையையும் அந்நாடு அறிந்திருந்தது. 1962 மே 3ஆம் நாள், டோக்கியோவில் மிக்காவாஷிமா நிலையத்தருகே ஒரு சரக்கு வண்டி நிறுத்தக் குறியைக் கடந்து தடம் புரண்டது. அதன்மேல் பயணிகள் வண்டி மோதியது. இறங்கித் தண்டவாளத்தில் நடந்தவர்கள்மீது மற்றொரு வண்டி ஏறியது. மாண்டவர் 160 பேர்.

ஆதலால் புதிய பாதையில் கைகாட்டிக்குப் பதிலாக, வண்டியோட்டியின் முன்னுள்ள பலகையிலேயே குறி தோன்றும்படி செய்தனர். தண்டவாளத்தின் வழியே மின்குறிப்பு ஓடும். முன்னே செல்லும் வண்டியின் சக்கர அச்சு அந்த மின்னோட்டத்தை மறித்து, தான் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அக்காலத்தில் இடைவெளி குறையக் குறைய 210, 160, 110, 70, 30 என அனுமதித்த வேகம் படிப்படியாக இறங்கியது; மணி ஒலித்தது. அந்த வேகத்தை வண்டி மீறியிருந்தால் தடை தானே பிடித்துக்கொள்ளும். மின்குறிப்பு அறவே அற்றுப்போனாலும், அது ‘நில்’ என்றே கொள்ளப்படும். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இதுவே. கருவி பழுதானால் வண்டி ஓடாது, நிற்கும்.

வேறு காவல்களும் உண்டு. சாலை குறுக்கிடும் கடவைகளே இல்லை. நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரை பயணிகள் வண்டி கிடையாது. அந்நேரம் பழுதுபார்ப்போருக்கு உரியது. நிலம் அதிர்ந்தால் மின்சாரம் அறுந்து வண்டிகள் நிற்கும்.

அப்படியானால் வண்டியோட்டிக்கு என்ன வேலை? வேகத்தைக் கூட்டுவதும், காலந்தவறாமல் செலுத்துவதும் அவர் பொறுப்பு. நிலையத்தை நெருங்குகையில் கருவி 30 கிலோமீட்டர் வரை வேகத்தைக் குறைத்துத் தரும். அதன்பின் அவர் ஒரு பொத்தானை அழுத்தித் தாம் விழித்திருப்பதை உறுதிசெய்து, நடைமேடையில் உரிய இடத்தில் தம் கையாலேயே நிறுத்த வேண்டும். பலகையில் தோன்றும் குறியை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்வதும் அவர் கடமை. மரம் போனபின் மனிதரே கைகாட்டியானார் என்னலாம்.

இந்தப் பங்கீடு 2003 பிப்ரவரி 26ஆம் நாள் சோதனைக்கு உள்ளாயிற்று. ஒக்காயாமா நகரை நோக்கி 270 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்த ஒரு வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். வண்டியோட்டி எட்டு நிமிடம் உறங்கிவிட்டார். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் அவருக்கு இருந்தது பின்னரே தெரிந்தது. கருவி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தது. பொத்தானை அழுத்த ஆளில்லாமையால் தானே வண்டியை நிறுத்தியது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வண்டி உரிய இடத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் முன்னரே நின்றது. பின்பெட்டிகள் சில நடைமேடையை எட்டவில்லை. காரணம் அறியச் சென்ற நடத்துநர்தான் அவரை எழுப்பினார்.